ரெண்டரை நூல் ஸ்பேனர்

உங்கள் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாளுக்கு என்னென்ன வேலை தெரியும் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? அவர் பெயராவது தெரியுமா? தெரியாது என்றால் நீங்கள் மட்டும் தனியாக வெட்கப்பட வேண்டியதில்லை. ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடம் முழுவதும் பதினோரு வருடம் அப்படித்தான் இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்து ஆயா அம்மணி. 1988-இல் அவளுக்கு நாற்பத்தாறு வயது. மணி அடிப்பாள், குடம் தூக்குவாள், அறைகளைப் பெருக்குவாள். ஒரு நிமிஷம் சும்மா உட்காரத் தெரியாது. வகுப்பறை பெஞ்சு ஆடினால், துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, இடுப்பிலிருந்து எட்டணாக் காசை எடுத்து, அடியில் குனிந்து திருகை முடுக்கிவிட்டுத்தான் நிமிர்வாள். அதைப் பார்த்த வாத்தியார்கள் சிரித்தார்கள். எங்கே கற்றாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பதினான்கு வயதிலிருந்து முப்பத்தைந்து வரை ஓர் எஸ்டேட்டின் பல்பர் ஊட்டில், அதாவது காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற இயந்திரக் கொட்டகையில், வேலை பார்த்தவள் அவள். அங்கே ஃபிட்டர் என்று சம்பளம் வாங்கியவர் பாதி நாள் குடித்துவிட்டுச் சாக்குமேல் படுத்திருப்பார். இயந்திரத்தைப் பிரித்து மாட்டியதெல்லாம் அம்மணி. ஆனால் கணக்கு எழுதுகிற ரைட்டர் வைத்திருந்த பேரேட்டில் அவளுக்கு எதிரே எழுதியிருந்தது ‘பெண் கூலி’ என்ற இரண்டு சொற்கள்தான். ஃபிட்டருக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு சம்பளம். புருஷன் மரம் விழுந்து செத்தான், எஸ்டேட் கைமாறியது, ஆட்களைக் குறைத்தார்கள். யாரை முதலில் குறைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது இந்த ஆயா வேலை.

அந்த வருடம் பதினோராம் வகுப்பில் படித்த வெள்ளையம்மாள் ஒரு காரியத்தைக் கிளப்பிவிட்டாள். தலைச்சோலை என்ற மலைக் கிராமத்துக்காரி, மலைக்காரர் என்கிற பழங்குடி வீட்டுப் பெண். ஜப்பானில் ரோபோக்கள் கார் தொழிற்சாலையில் வேலை செய்கின்றன என்று நூலகத்தில் ஒரு பழைய பத்திரிகையில் படித்திருந்தாள். அவள் அம்மா சரிவில் காப்பி மூட்டையை முதுகில் சுமந்து ஏறி ஏறி, நாற்பது வயதில் கூன் போட்டுவிட்டவள். கீழே இருக்கிற கூடையைப் பிடித்து மேலே வைக்கிற எந்திரக் கை ஒன்றைச் செய்து, நவம்பரில் சேலத்தில் நடக்கிற மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோனால் என்ன என்று கேட்டாள். நான்கு பேர் சேர்ந்தார்கள். அறிவியல் வாத்தியார் வெங்கடாசலம் பொறுப்பேற்றார்.

சாமான்கள் ஓசியில் கிடைத்தன. உடைந்த ஜீப்பிலிருந்து வைப்பர் மோட்டார். ஒரு எஸ்டேட் பின்கொட்டகையில் மழையில் கிடந்த வெள்ளைக்காரன் காலத்துப் பல்பரிலிருந்து பல்சக்கரம், தண்டு, பட்டை, போல்ட்டு. அந்தப் பல்பரை நாலு பையன்கள் பள்ளிக்கூடத்துக் கொட்டகைக்கு உருட்டிக்கொண்டு வந்து போட்டார்கள். ஆனால் அதைப் பிரிக்கவும் மறுபடி சேர்க்கவும் ஒரு கருவிகூட இல்லை. பெற்றோர் சங்கம் இருநூற்றைம்பது ரூபாய் கொடுத்தது. பிள்ளைகள் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சு பறிக்கக் கூலிக்குப் போய் நூற்றைம்பது சேர்த்தார்கள். நானூறு ரூபாயில் ஒரு பட்டறைக்கு வேண்டியதெல்லாம் வாங்கியாக வேண்டும்.

சாமான் வாங்கச் சேலம் போனபோது, பெண் பிள்ளை வருகிறாள் என்பதால் துணைக்கு ஆயாவையும் அழைத்துக்கொண்டார் வெங்கடாசலம். அம்மணி ஒரு வேலை செய்திருந்தாள். பல்பரிலிருந்து கழன்று விழுந்த போல்ட்டு ஒன்றையும் அதன் நட்டையும் முந்தானையில் முடிந்து எடுத்து வந்திருந்தாள்.

செவ்வாய்ப்பேட்டைக் கடையில் முதலாளி கந்தசாமி சிவப்புப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்தார். உள்ளே பன்னிரண்டு ஸ்பேனர்கள், வெள்ளி மாதிரி பளபளவென்று. இருநூற்று அறுபது ரூபாய். வெங்கடாசலத்தின் கண் அதைவிட்டு நகரவில்லை. கூடவே தொண்ணூற்றைந்து ரூபாய்க்கு ஒரு கை டிரில். மிச்சம் நாற்பத்தைந்து. அரம் இல்லை, இரும்பை அறுக்க ஆக்சா பிளேடு இல்லை, இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ் இல்லை. அம்மணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. முடிச்சை அவிழ்த்தாள்.

“ஏனுங்க சார், ரெண்டரை நூல் போல்ட்டு ஒண்ணு கொண்டாந்திருக்கறனுங்க. போட்டுப் பாத்துட்டு வாங்கலாமுங்க.”

“அம்மணி, நீ பிள்ளையைப் பாத்துக்க. அது போதும்.”

அவரைவிட அவள் பதின்மூன்று வயது மூத்தவள். அவருக்கு அவள் ‘நீ’. அவளுக்கு அவர் ‘சார்’. படித்தவர் கேட்க மறுத்த விஷயம் மிகச் சின்னது. இஞ்சில் எட்டில் ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள் பட்டறைக்காரர்கள். மலையில் கிடைக்கிற பழைய இயந்திரமெல்லாம் இஞ்சுக் கணக்கில் செய்தவை. கடையில் விற்பதோ மில்லிமீட்டர். ஏற்காட்டில் பழைய இரும்பைத் தொட்ட எவருக்கும் தெரிந்த சங்கதி இது. பட்டம் வாங்கியவருக்குத் தெரியவில்லை. தெரியாததில் குற்றமில்லை. தெரிந்தவள் பக்கத்தில் நின்று சொன்னபோது காதை மூடிக்கொண்டதுதான் குற்றம்.

மறுநாள் ஆயுத பூஜை. பெட்டியை ஒரு தடவைகூடப் பிரித்துப் போல்ட்டில் மாட்டிப் பார்க்காமல், நேராகக் கொண்டுபோய்ச் சாமி படத்தின் முன்னால் வைத்தார்கள். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சந்தனம், குங்குமம். கற்பூரம் காட்டினார்கள். தலைமையாசிரியர் பூசணிக்காய் உடைத்தார். பொரி தின்றார்கள், போனார்கள். கும்பிட்டால் மில்லிமீட்டர் இஞ்சாகிவிடும் என்று எந்தப் பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கிறது? அறிவியல் அறைக்குள்ளேதான் இத்தனையும் நடந்தது.

எல்லாரும் போன பிறகு, பூசணியைப் பெருக்க வந்த அம்மணிக்குப் பொறுக்கவில்லை. வெள்ளையம்மாள் மட்டும் வாசலிலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். பெட்டியைத் திறந்து போல்ட்டை எடுத்தாள். பதினைந்தாம் நம்பர் நுழையவில்லை. பதினாறு நுழைந்தது; திருப்பினால் வழுக்கியது. அழுத்தித் திருப்பினால் நட்டின் மூலை மழுங்கிவிடும், அப்புறம் அது எந்தக் காலத்திலும் கழலாது. கொட்டகைக்குப் போய்ப் பல்பரில் இருந்த மற்ற போல்ட்டுகளிலும் பார்த்துவிட்டு வந்தார்கள். முக்கால்வாசி இப்படித்தான். மாற்றித் தர மூன்று நாள் கெடு என்று ரசீதில் போட்டிருந்தது. ஒரு நாள் போய்விட்டது.

மறந்துபோன குடையை எடுக்கத் தலைமையாசிரியர் திரும்பி வந்தது அந்த நேரத்தில்தான்.

“சாமி முன்னாடி வெச்சதை எடுக்கறதே தப்பு. அதையும் நீ தொடலாமா?”

அந்த ‘நீ’க்குள் என்ன இருந்தது என்று அம்மணிக்குத் தெரியும், பக்கத்தில் நின்ற பெண்ணுக்கும் தெரியும். பொட்டு வைக்காத நெற்றியைப் பார்த்துச் சொன்ன ‘நீ’ அது. இருபத்தொரு வருடம் இயந்திரத்தின் குடலை உருவி மாட்டிய கை, புருஷன் செத்ததால் இரும்புக்கே தீட்டாகிவிட்டதாம்.

“தொட்டதாலதானுங்க சார் தெரிஞ்சுது. ஒண்ணும் சேரலீங்க” என்றாள் அம்மணி.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதுவரை பெட்டியில் கை வைத்தால் மெமோதான் என்று சொல்லிவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் திறப்பது திங்கட்கிழமை. கெடு முடிவது சனிக்கிழமை. மெமோ வந்தால் வேலை போகும். போனால் எஸ்டேட்டில் அறுபது பேர் ஏற்கெனவே கூலிக்கு நிற்கிறார்கள். சேலம் போகாவிட்டால் பிள்ளைகள் பறித்த ஆரஞ்சுக் கூலி கண்ணாடி அலமாரியில் பளபளத்துக்கொண்டே கிடக்கும். எந்திரக் கையும் இல்லை, கண்காட்சியும் இல்லை. வெள்ளையம்மாள் அழுதுவிட்டாள்.

“விட்டுருங்கக்கா. எங்களுக்காக உங்க வேலை போக வேண்டாம்.”

“உங்களுக்காவன்னு யார் சொன்னா கண்ணு? தப்பு ஸ்பேனரைப் பாத்துக்கிட்டு என்னால தூங்க முடியாது. காலையில மொத பஸ்ஸுக்கு வந்துரு.”

விஜயதசமி காலையில், சிவப்புப் பெட்டியும் டிரில்லும் ஒரு மஞ்சள் பைக்குள் ஏற, இருவரும் சேலம் இறங்கினார்கள். கந்தசாமி பெட்டியைத் திறந்து பார்த்ததுமே மூடினார்.

“ஏம்மா, பூசை போட்ட சாமானை விசயதசமியன்னிக்குத் திருப்பி வாங்கினா கடை வெளங்குமா?”

அம்மணி மண்ணெண்ணெய்த் துணியால் பன்னிரண்டையும் அங்கேயே துடைத்தாள். கறை போய்விட்டது, தோஷம் போகுமா என்றார் அவர்.

“ஏனுங்க, நேத்து உங்க கல்லாப் பெட்டிக்குந்தானே சந்தனம் பூசினீங்க? அதுக்குள்ள இருக்கற துட்டை இன்னைக்கு யாருக்கும் குடுக்க மாட்டீங்களா?”

கடைப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். கந்தசாமிக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் வியாபாரி, முப்பது ரூபாய் பிடித்துக்கொண்டார். டிரில்லை அம்மணி திருப்பிக் கொடுக்கவில்லை. அது உருப்படியான சாமான்.

இருநூற்று முப்பதோடு பழைய இரும்புக் கடை வரிசைக்குப் போனார்கள். எடைக்கு விற்கிற இடம். மில்லுகள் கழித்துக் கட்டிய இஞ்சு ஸ்பேனர்கள் அங்கே குவியலாகக் கிடந்தன. வெள்ளையம்மாள் ஒவ்வொன்றாகப் போல்ட்டில் மாட்டினாள். வாய் விரிந்ததை அம்மணி தள்ளினாள், விளிம்பு கூராக இருந்ததை எடுத்தாள். ஆறு ஸ்பேனர் எடுத்தார்கள். பிறகு வைஸ் ஒன்று. அதன் தாடை சேர்கிறதா என்று ஒரு காகிதத்தைக் கவ்வ வைத்து, இழுத்துப் பார்த்து வாங்கினாள். புதிதாக வாங்கியது இரண்டு அரமும் ஆக்சா பிளேடும்தான்; தேய்கிற சாமானைப் பழையதாக வாங்கக்கூடாது என்பது அவள் கணக்கு. கட்டிங் பிளேயர் ஒன்றும் சுத்தியலும் வாங்கியபின் பன்னிரண்டு ரூபாய் மிஞ்சியது.

திங்கட்கிழமை மெமோ தயாராக இருந்தது. அனுமதியின்றிப் பள்ளிச் சொத்தை வெளியே கொண்டுபோன குற்றம். பூஜைப் பொருளைத் தொட்டது காகிதத்தில் இல்லை; அப்படி எழுதினால் மேலே சிரிப்பார்கள் என்று தெரிந்திருக்கிறது. வெங்கடாசலம் பல்பர் கிடந்த கொட்டகைக்குப் போனார். அங்கே வெள்ளையம்மாள் ஸ்பேனரை மாட்டி, முழு எடையும் போட்டு அழுத்த, நாற்பது வருடத் துரு கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு தலைமையாசிரியரிடம் போய், நான்தான் ஆயாவை அனுப்பினேன், அளவு தவறு என்று கண்டுபிடித்ததும் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அம்மணியின் வேலை தப்பியது. நல்ல மனுஷர் என்று ஊர் சொன்னது. ஆனால் அந்த உதவி அவளிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு போனது பாருங்கள். இருபத்தொரு வருடம் பேரேட்டில் பெண் கூலி. இப்போது அவள் கண்டுபிடித்த தவறும் இன்னொருவர் பெயரில். உண்மையை எழுதியே அவளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நவம்பரில் அந்தக் கை சேலத்தில் மூன்று கிலோக் கூடையை அறுபத்தெட்டுத் தடவை தூக்கி வைத்தது. அறுபத்தொன்பதாவதில் கையை இழுத்த சங்கிலி கழன்றது. ஒரு சான்றிதழ் கிடைத்தது. வழிகாட்டி: வெங்கடாசலம். கருவிகளைச் சரக்குப் பதிவேட்டில் ஏற்றி அலமாரியில் பூட்டினார்கள். தொலைந்தால் வாத்தியார் சம்பளத்தில் பிடிப்பார்களாம். அதனால் யாருக்கும் கொடுப்பதில்லையாம்.

இது நடந்து எட்டு வருடமாகிறது. அம்மணி இன்னும் அங்கேதான் மணி அடிக்கிறாள். பதிவேட்டைக் காட்டி அவளை உட்காரவைக்க முடியவில்லை. மூன்று தலைமையாசிரியர்கள் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவர் அறை வாசலிலும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போய் நின்று, பிள்ளைகளுக்கு அலமாரியைத் திறந்துவிடட்டுமா என்று கேட்கிறாள். மூடுபனிக் காலத்தில் துருவேறுகிறது, கை பட்டால்தான் இரும்பு நிற்கும் என்று காரணமும் சொல்கிறாள். சில வாரம் திறக்கிறார்கள், பல வாரம் போகச் சொல்கிறார்கள்.

ஓர் ஆயா கேட்டால் போகச் சொல்லலாம். பெற்றோர் பத்துப் பேர் போய் நின்றால் அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளிக்கும் இந்த வெள்ளிக்கிழமை போங்கள். கருவிகள் இருக்கின்றனவா, கடைசியாக எந்தப் பிள்ளை அவற்றைத் தொட்டது என்று கேளுங்கள். பூட்டியிருந்தால் திறக்கும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.