கண்ணூறும் நிரந்தர விசாவும்

நாங்கள் ஆஸ்திரேலியாவுக்குத் தொழில்முனைவோர் விசாவில் வந்தவர்கள். சொல்லும்போது பெரிய எடுப்பாக இருக்கும். நோபல் பார்க்கில் மட்டன் ரோல்ஸும் இடியப்பமும் விற்கிற சாப்பாட்டுக் கடை, அவ்வளவுதான். விசா தற்காலிகம். கடை நன்றாக நடக்கிறது என்று அரசாங்கத்துக்குக் காட்டினால் நிரந்தரமாக இருக்கலாம். காட்டாவிட்டால் கடையையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டுக் கொழும்புக்குத் திரும்பவேண்டும்.

2012இல் சட்டம் மாறப்போவதாகக் கதை வந்தது. எங்கள் விசா ஏஜென்ட் மதுரைக்காரர். "மேடம், இனிமே சும்மா கடை நடத்தினா பத்தாது. இன்னோவேஷன் காட்டணும்னு சொல்றாங்க" என்றார். மட்டன் ரோல்ஸில் என்ன புதுமையைக் காட்டுவது? நீளமாக இல்லாமல் உருண்டையாகச் செய்தால் அதற்குப் பெயர் கட்லட். புதுச் சட்டம் எங்களையும் பிடிக்குமா என்று கேட்டேன். "பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்வதற்கும் ஒருவர் படித்து லைசென்ஸ் எடுக்கவேண்டியிருக்கிறது. "எதுக்கும் சட்டம் மாறுறதுக்கு முன்னாடியே அப்ளிகேஷனை அனுப்பிடுவோம். கடையைப் பார்க்க ஆபீசர் வருவாங்க. உங்க பிசினஸைப் பத்தி நல்லாப் பெருமையாப் பேசுங்க."

அங்கேதான் வந்தது வினை. என் கணவர் யாழ்ப்பாணத்து வியாபாரிக் குடும்பத்தவர். எங்கள் ஆட்கள் நட்டத்தை ஊருக்கெல்லாம் சொல்வார்கள். லாபத்தைச் சாமியிடம்கூடச் சொல்லமாட்டார்கள். கண்ணூறு பட்டுவிடும். கடைக்குள் நிற்க இடமில்லாமல் சனம் முட்டுகிற சனிக்கிழமையிலும், "எப்படி அண்ணை வியாபாரம்?" என்று கேட்டால், "என்னத்தைச் சொல்ல, ஏதோ போகுது" என்று முகத்தைத் தொங்கப்போடுவார். ஆபீசருக்கு முன்னால் அந்த முகம் வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஓம் ஓம் என்றார்.

ஆபீசர் பெண் வந்தாள். மரியாதையானவள். ரோல்ஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டு, வியாபாரம் எப்படி என்று சிரித்துக் கேட்டாள். இவர் வரிசையில் நின்ற சனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இங்கிலீஷில் பெருமூச்சு விட்டார். "சம்ஹவ் கோயிங், மேடம். வெரி டிஃபிகல்ட்." அவள் பேனையை எடுத்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கறிச்சட்டியை அப்படியே விட்டுவிட்டுக் குசினியிலிருந்து வெளியே வந்தேன். இவர் சொல்வது பொய், கடை மிக நன்றாகப் போகிறது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். விடிய முன்னம் எழும்பி மா குழைக்கிற மனுசன், வேலைக்கு நிற்கிறவர்களுக்கு ஒருநாளும் சம்பளம் பிந்தவிடாதவர், இவரைப் போலக் கெட்டிக்காரனை நான் கண்டதில்லை என்றும் சொன்னேன். வரிசையில் நின்ற அன்ரிமார் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். ஊர்க் கண்ணூறு முழுவதும் அன்றைக்கே வந்து இறங்கியிருக்கும்.

ஆபீசர் போனதும் ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அவர் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பாராமலே, "நீர் சொன்னதெல்லாம் விசாவுக்காகவோ?" என்று கேட்டார். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை.

"விசா கிடைக்காட்டியும் அதுதான்" என்றேன்.