நிறம் போறாதாம்

அலுவலகக் கழிப்பறைக் கண்ணாடியின் முன் நின்று மிஸ் பவுடர் போட்டுக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முகம், கழுத்து, பிறகு முழங்கை வரைக்கும். போட்ட இடம் வெளுக்கவில்லை, சாம்பல் பூத்தது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மட்டாஞ்சேரியில் மிளகு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் நான் டைப்பிஸ்ட். அவர் ஸ்டெனோ, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நேரில் மிஸ் என்று அழைத்தவர்களே அவர் நகர்ந்ததும் சட்டைக்காரி என்பார்கள்; ஆங்கிலோ இந்தியர்களுக்கு ஊர் வைத்த பெயர் அது. அவருடைய பாட்டனார் வெள்ளைக்காரர், பாட்டி கொச்சிக்காரி. அம்மாவுக்கும் தம்பிக்கும் பாட்டனாரின் தோல் வாய்த்தது; மிஸ்ஸுக்கு என்னைப் போலக் கறுத்த நிறம். ஆஸ்திரேலியாவில் குடியேற அனுமதி கேட்டிருந்தார்கள். வெள்ளையாகத் தெரிபவர்களைத்தான் அப்போது அங்கே சேர்த்துக்கொள்வார்கள். எர்ணாகுளத்து ஹோட்டலில் வந்து தங்கியிருந்த அதிகாரியைப் பார்க்க, அம்மாவும் தம்பியும் அவருமாக அன்று மதியம் படகேறினார்கள்.

பதில் வந்த அன்று மிஸ் வழக்கம்போல வேலை பார்த்தார். சாயா குடிக்கும்போதுதான் சொன்னார்.

"அம்மைக்கும் தம்பிக்கும் கிட்டியாச்சு. எனக்கு நிறம் போறாதாம், குட்டி."

மகளை விட்டுப் போகமாட்டேன் என்று அம்மா அழுதிருக்கிறார். அம்மா போகாவிட்டால் தம்பியும் போகமாட்டான், இங்கே அவனுக்கு வேலையும் இல்லை. மிஸ்தான் பிடிவாதமாக இருவரையும் கப்பல் பிடிக்கப் பம்பாய்க்கு ரயிலேற்றினார். அடுத்த மாதமே வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். தனியாக இருக்கும் சட்டைக்காரிக்கு மட்டாஞ்சேரியில் யாரும் இடம் கொடுக்கவில்லை.

எங்கள் மாடி அறை அப்போது காலியாக இருந்தது. அப்பாவிடம் கேட்டேன். அவர் கோபப்படக்கூட இல்லை.

"அவளை ஆத்துல வெச்சுண்டா உன்னைப் பொண்ணு பாக்க யார் வருவா?"

அப்படியென்றால் யாரும் வரவேண்டாம் என்றேன். என் அம்மா அன்று சாப்பிடவில்லை. அப்பா மாடி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கடைசியில் கொச்சங்காடியில், சுக்குக் கிடங்கு ஒன்றின் மேலே மிஸ்ஸுக்கு ஓர் அறை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவேன். வெயில் ஏற ஏற அறை முழுக்கச் சுக்கின் காரம் ஏறி, இருவருக்கும் கண் எரியும்.

சில ஆண்டுகள் கழித்து மிஸ்ஸின் அம்மா ஆஸ்திரேலியாவிலேயே இறந்துபோனார். அதன்பின் தம்பி ஒருமுறை குடும்பத்தோடு வந்து எர்ணாகுளத்தில் தங்கினான். மிஸ் புது கவுன் தைத்துக்கொண்டு பார்க்கப் போனார். மறுநாள் நான் கேட்டேன், தம்பியின் பிள்ளைகள் எப்படி என்று.

"நல்ல பிள்ளைகள். நான் அம்மையைப் பார்த்துக்கிட்ட ஆயான்னு தம்பி அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கான். ரெண்டு பேரும் என் கையைப் பிடிச்சு, பாட்டியை நல்லா பார்த்துக்கிட்டதுக்கு நன்றின்னு சொன்னாங்க."

"நீங்க என்ன சொன்னேள்?"

"பாட்டி நல்லவங்கன்னு சொன்னேன்."

மிஸ் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. போன மாதம் காக்கநாட்டில் என் பேத்தியின் குழந்தைக்குப் பெயர் வைத்தோம். குழந்தையின் அப்பா ஐரிஷ்காரர். வந்த உறவினர் ஒவ்வொருவரும் குழந்தையை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அப்பா நிறமே வந்துவிட்டது என்று பூரித்துப் போனார்கள். அந்த நிறம் வந்திராவிட்டால் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். குழந்தையை வாங்கி என் மடியில் போட்டுக்கொண்டேன். அப்புறம் யார் கேட்டும் கொடுக்கவில்லை.