யாரோடு பேசுகிறாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களைப் பிரிக்கும் சுவர்கள் கூரை வரை போவதில்லை. ஓர் ஆள் உயரத்துக்கு மேல் எல்லா வீட்டுக்கும் ஒரே காற்றுதான். யார் வீட்டில் கருவாடு பொரிகிறது, யார் வீட்டில் சண்டை, எந்தப் பிள்ளை வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்கிறது என்பதெல்லாம் கடைசிக் காம்பரா வரை தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் இயர்போனால் காதை அடைத்துக்கொண்டு ஒன்றைத் தனியாகக் கேட்பது, கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுவதைப் போல. யாரும் நேரே குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் கவனிப்பார்கள்.

நான் கேட்டது அறிவியல் புனைகதை ஒலி நாடகங்கள். எல்லாம் ஆங்கிலம். எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணி, பல்கலைக்கழகம் போய், பதுளையில் அரசாங்க அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை. கடைசி வருடத்தில் ஒரு விரிவுரையாளர், தினமும் ஆங்கிலம் காதில் விழட்டும் என்றார். செய்திகள் சலித்துப் போய்த் தேடியபோது ஒரு தொடர் நாடகம் கிடைத்தது. தூரத்து நிலா ஒன்றில் பழுதான சமிக்ஞைக் கோபுரத்தைத் திருத்த அனுப்பப்பட்ட ஒரு பெண்ணின் கதை.

முதல் தடவை பாதி புரியவில்லை. திரும்பக் கேட்டேன். அப்புறம் ஒரு நாள், ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளைக்கு இறங்கும் பஸ்ஸில், ஒரு இடம் பிடிபட்டது. அவள் ஒரு கதவைத் திறக்கிறாள். திறந்தாள் என்று யாரும் சொல்வதில்லை, கதவுச் சத்தமும் இல்லை. அவள் குரலின் எதிரொலி மட்டும் மாறுகிறது. சின்ன அறையில் பேசிக்கொண்டிருந்தவள் ஒரே வாக்கியத்தின் நடுவில் பெரிய கூடத்துக்குள் வந்துவிடுகிறாள். அவளுக்கே தெரியாத ஒரு கூடம். எனக்குப் புல்லரித்தது. பக்கத்து இருக்கையில் யாரோ ஒரு அம்மா கோழியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். யாரையாவது தட்டி எழுப்பிச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

படம் இல்லாததால் அவள் போன விண்கலத்தை நான்தான் மனதில் கட்ட வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே பெரிய இயந்திரம் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரி. அதனால் என் விண்கலத்தில் கொழுந்து வாட்டும் மாடியின் நீளத் தொட்டிகள் இருந்தன, அடியில் ஓயாமல் சுழலும் காற்றாடிகள் இருந்தன, இரும்புப் படிகள் இருந்தன. எழுதியவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் அவர்களுடைய இஞ்சின் சத்தம் அந்த மாடிக்குத்தான் பொருந்தியது.

இதை அலுவலகத்தில் பக்கத்து மேசை அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன்.

“படமே இல்லாம என்னத்தப் பாக்குற?”

“பாக்குறது இல்லக்கா, கேக்குறது.”

“அப்ப வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேக்கலாம். அது நல்லதுதான்” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த நாடகத்தின் ரசிகர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. எனக்கு ராத்திரி அவர்களுக்குப் பகல்; நான் எழுந்து பார்ப்பதற்குள் அங்கே எல்லாரும் எல்லாவற்றையும் பேசி முடித்திருப்பார்கள். நானும் எழுதுவேன். ஆங்கிலத்தில் பிழை இருக்குமோ என்று திரும்பப் படிப்பேன், பிறகு அழித்துவிடுவேன். பிழையோடு ஒரு வரி போட என் கர்வம் விடவில்லை. அதனால் எனக்கு மிஞ்சியது பாத்திரங்களோடு பேசுவதுதான். வேலை விட்டு வந்து, காம்பராவின் முன்திண்ணையான இஸ்தோப்புப் படியில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து கேட்கும்போது, “அங்க போகாத” என்பேன். “அய்யோ, சொன்னாக் கேளு” என்பேன். அந்தப் பெண் கோபுரத்தை விட்டு இருட்டுக்குள் நடந்து போன பகுதியில், “போகாத, திரும்பி வந்துரு” என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அடுத்த காம்பராவில் இருப்பவரைச் சித்தி என்று கூப்பிடுவேன். உறவு இல்லை, சுவர்தான் உறவு. மறுநாள் லயத்துப் பொதுப் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“எப்பப் போறாராம்?”

“யாரு சித்தி?”

“சரி, சரி. எனக்கு ஒண்ணும் தெரியாது. கத்தாருக்கா, கொரியாவுக்கா?”

எனக்குப் புரிய நேரம் எடுத்தது. காதில் வயரும் வாயில் “போகாத”வும் கண்ணில் தண்ணீருமாக ஒரு பெண் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தால், எங்கள் லயத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவள் விரும்பும் பையன் வேலைக்கு வெளிநாடு போகிறான். குடத்தை இடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அது ஞாயிற்றுக்கிழமை. அம்மா வாசலில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தது. அம்மா கொழுந்து எடுக்கும் ஆள். விரல் ஓய்ந்து நான் பார்த்ததில்லை.

“அம்மா, லயம் பூரா என்னப் பத்தி என்னா பேசுறாங்கன்னு தெரியுமா?”

“தெரியும்.”

“தெரியுமா? கேட்டுக்கிட்டுச் சும்மாவா இருந்த?”

“சும்மா எங்க இருந்தேன்? நீ பேச ஒக்காந்தா டிவி சத்தத்தக் கூட்டி வச்சேன்ல. அடுத்த காம்பராவுக்குக் கேக்கக் கூடாதுன்னுதான்.”

நான் நாடகம் கேட்கும் நேரமாகப் பார்த்து அம்மா தொலைக்காட்சியை அலறவிடுவதாக அத்தனை நாளும் பல்லைக் கடித்திருந்தேன்.

“நான் படிச்சவம்மா. ஒருத்தன் போறான்னு படியில ஒக்காந்து அழுவேனா? இந்தா, நீயே கேளு.”

இயர்போனின் ஒரு முனையை அம்மாவின் காதில் வைத்தேன். தோடு தடுத்தது, சரிசெய்தேன். அந்தப் பெண் தலைக்கவசத்துக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு நடக்கும் இடம் அது. அம்மா கண்ணைச் சுருக்கிக் கேட்டது.

“யாரு இது, இப்படி இழுக்குது? வீசிங்கா?”

“காத்து இல்லாத எடத்துல நடக்குறாம்மா.”

“அந்தப் புள்ளகிட்டயா பேசுற?”

“நான் பேசுறது அவளுக்குக் கேக்காது. இது நாடகம். எங்கயோ யாரோ நடிச்சுப் பதிஞ்சு வச்சது.”

“அப்ப அந்தப் பையன்?”

“பையனே இல்லம்மா. எப்பவும் இருந்ததில்ல.”

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அம்மா பெருமூச்சு விட்டு, “மாரியாத்தா காப்பாத்துனா” என்று சொல்லும் என்று எதிர்பார்த்தேன். அம்மாவின் கை முறத்தின் மேல் அப்படியே நின்றது.

“அப்ப யாருமே இல்லையா உனக்கு?”

நான் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“இல்ல, நீ பேசுறது எதுவும் எங்களுக்கு வெளங்குறதில்ல. நீயும் இப்பெல்லாம் சொல்றதில்ல. யாரோ படிச்ச பையன் போல, அவனுக்காச்சும் வெளங்குது, அதான் நீ சிரிக்குற, அழுகுறன்னு நெனச்சேன். மனசுக்கு ஒரு மாதிரி நல்லா இருந்துச்சு.”

காதிலிருந்து அதைக் கழற்றி, தாவணி வாங்கும்போது துணியைத் தடவிப் பார்ப்பதைப் போல ஒரு தடவை தடவி, என் கையில் வைத்தது. பிறகு, “சரி, அந்தப் புள்ளைக்கு என்னா ஆச்சு?” என்றது.

நான் சொல்லத் தொடங்கினேன். நிலா என்றேன், நம்ம நிலா இல்லை என்றேன். அவள் ஒரு கேள்வி அனுப்பினால் பூமிக்குப் போய்ச் சேரவே நேரம் எடுக்கும், அதற்குள் அவளுடைய நிலைமை மாறிவிடும் என்றேன். எதிரொலி மாறும் அந்த இடத்தைச் சொன்னபோது, எனக்கே என் குரல் வகுப்பெடுப்பது போல இருந்தது. அம்மா நடுநடுவே “ம்” போட்டது. நான் களைத்துப் போகக் கூடாதே என்று போட்ட “ம்” அது. கொஞ்ச நேரத்தில் உலை கொதித்தது. அம்மா எழுந்து உள்ளே போனது. நானும் நிறுத்திக்கொண்டேன்.

உள்ளே அரிசி கழுவும் சத்தத்துக்கு மேலே, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சித்தியின் குரல் வந்தது.

“என்னாக்கா, புள்ளகூடச் சண்டையா? காலையில கொடத்த இடிச்சுட்டுப் போச்சு.”

“சண்டையெல்லாம் இல்ல. அவரு பயணம் தள்ளிப் போயிருச்சாம்.”

“அப்பாடா. நல்லதாப் போச்சு. கொஞ்ச நாளைக்காச்சும் புள்ள தனியா கெடந்து தவிக்காது.”

“ஆமா” என்றது அம்மா.

நான் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. அரிசியை உலையில் கொட்டி, கரண்டியால் ஒரு கிண்டு கிண்டி, பானையை மூடியது. அப்படி யாருமே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சுவருக்கு மேலே போய் லயம் பூராவும் சேர்ந்துவிடும். என் குரல் அதற்குப் போதுமான குரல்தான்.

வாசலிலேயே நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.