இடது பின் ஸ்பீக்கர்

நான் சொல்வதில் பாதியைத்தான் என் மனைவி நம்புவாள். எந்தப் பாதி என்று இதுவரை சொன்னதில்லை. இதை மட்டும் முழுசாக நம்பினாள். மூன்று நாள் காய்ச்சலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தானே. ஆகவே நீங்களும் நம்பலாம். நடந்தது இது.

சினிமாப் படங்களை வீட்டில் போட்டுப் பார்க்கும் டிஸ்க்காகத் தயாரிக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. டிஸ்க் கடைக்குப் போகும் முன் ஒருவன் முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த ஒருவன் நான். இருட்டு இருட்டாக இருக்கிறதா, துப்பாக்கிக் குண்டு இடமிருந்து வலம் ஒழுங்காகப் பறக்கிறதா, வசனம் வாயோடு ஒட்டுகிறதா என்று பார்த்து, கோளாறு இருந்தால் அது வரும் நிமிடம், வினாடியோடு குறிக்க வேண்டும். அதற்கு ஒரு சட்டம் உண்டு. பின்னால் ஓட்டி மறுபடி போட்டால் அதே இடத்தில் அதே கோளாறு வரவேண்டும். வந்தால் டிஸ்க்கின் குற்றம். வராவிட்டால் நம் காதின் குற்றம்.

அறை கீழ்த்தளத்தில். ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சு. உள்ளே வெடிகுண்டு வெடித்தாலும் வெளியே கேட்காது. கதவின் உள்பக்கக் கைப்பிடி கழன்று மூன்று வாரம். படம் முடிந்து மணிப் பொத்தானை அழுத்தினால், மாடியிலிருந்து என் மச்சினன் வந்து திறப்பான். அவனுக்கும் அங்கேதான் வேலை, பார்சல் பிரிவில்.

"உள்ள தூங்கிடாதீங்க மாமா. அப்புறம் உங்க குறட்டையையும் கோளாறுன்னு எழுதி வச்சிடுவீங்க."

"போடா. கதவைச் சாத்து."

சாத்தினான். பகல் 2.10. பேய் வருகிற நேரமா அது? எனக்கும் அதுதான் ஆச்சரியம்.

அதிரடிப் படம். இரண்டு மணி எட்டு நிமிடம். படம் பளிங்கு போல இருந்தது. மழையில் கார் துரத்தல், ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம் பிரிந்து பிரிந்து வந்தது. வில்லன் சுட்டால் நான் குனிந்தேன்.

31 நிமிடம் 7 வினாடி. கதாநாயகன் இருட்டில் தனியாக நிற்கிறான். இசை இல்லை. எனக்கு இடது பக்கம், பின்னால் இருந்த ஸ்பீக்கரில்...

டொக். டொக். டொக்.

குறித்தேன். பின்னால் ஓட்டிப் போட்டேன். இல்லை. காதின் குற்றம். எழுதியதை அடித்தேன்.

38 நிமிடம் 40 வினாடி. மறுபடி. இந்தத் தடவை கூடவே ஒரு மூச்சு. ஓட்டிப் பார்த்தேன். இல்லை.

படத்தை நிறுத்தினேன்.

டொக். டொக். டொக்.

எழுந்து போய் அந்த ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினேன். வயர் என் கையில் இருந்தது.

டொக்...

மணி 2.55. ஓடிப் போய்ப் பொத்தானை அழுத்தினேன். மாடியில் அடிக்க வேண்டிய மணி, அந்த ஸ்பீக்கருக்குள் அடித்தது.

கதவைத் தட்டினேன். "டேய்! திறடா!"

"...திறடா" என்றது ஸ்பீக்கர்.

எதிரொலி என்பீர்கள். பஞ்சு அறையில் எதிரொலி கிடையாது. அதற்குத்தான் பஞ்சு.

ஏசி நின்றிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. பொத்தானை மறுபடி அழுத்தினேன். கை வீங்கும்வரை தட்டினேன்.

3.20. நிறுத்தி வைத்த படம் தானாக ஓடத் தொடங்கியது.

என் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

யாரோ உட்காரும் சத்தம்.

பிறகு... காகிதத்தில் பேனா.

நான் திரும்பவில்லை.

தட்டினேன்.

பேனா எழுதியது.

கத்தினேன்.

பேனா எழுதியது...

4.51. கதவு திறந்தது. மச்சினன் மேலேயே விழுந்தேன்.

"என்ன மாமா, என்னாச்சு? மணி அடிக்குதேன்னு ரெண்டு தடவை வந்து திறந்தேன். நீங்கதான் எழுதிட்டே, திரும்பிக்கூடப் பாக்காம, போன்னு கையைக் காட்டினீங்க."

"நான் இந்தக் கதவுகிட்டதான்டா நின்னேன்!"

"கதவுகிட்ட யாருமே இல்லையே மாமா."

மேஜையில் குறிப்புத்தாள். மூன்று பக்கம். என் கையெழுத்தேதான்.

'இடது பின். ஒரு ஆள் கதவைத் தட்டுகிறான். இரண்டு முறை கேட்டாயிற்று, அதே இடம். நீக்கவும்.'

'இடது பின். கத்துகிறான். இரண்டு முறை கேட்டாயிற்று. நீக்கவும்.'

தாளை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அது மேலாளர் கைக்குப் போயிருக்கிறது. இவ்வளவு ஒழுங்கான குறிப்பை நான் எழுதியதே இல்லை என்று பாராட்டினாராம்.

காய்ச்சல் விட்டு வேலைக்குப் போன அன்று, முதல் வேலையாக சவுண்டுக்காரரிடம் போனேன். கோளாறுகளைச் சரிசெய்வது அவர்தான்.

"அந்த டிஸ்க்ல... தட்டுற சத்தம் ஏதாவது இருந்துச்சா?"

"நீங்க குறிச்சது அத்தனையும் இருந்துச்சுண்ணே. யாரோ பைத்தியக்காரன். பாவம், கடைசியில பேர் எல்லாம் ஓடி முடிஞ்சு டிஸ்க் நிக்கிற வரைக்கும் தட்டுறான். யாருமே வந்து திறக்கல."



"இப்ப?"

"சுத்தமா அழிச்சுட்டேன். இனிமே அவன் எவ்வளவு கத்தினாலும் வெளிய கேக்காது."