நீளக் கால்

சுசீந்திரம் தாண்டிய பேருந்தில் என் பக்கத்தில் இருந்தவர், பப்புவா நியூகினியின் காடுகளில் சிறு விமானம் ஓட்டுகிறவர். விடுப்பு முடிந்து மறுநாள் கிளம்புகிறார். வெயில் தின்ற முகம். அறுத்த வயல் வரும்போதெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதன் நீளத்தைக் கண்ணால் அளந்தார். கைபேசியில், விமானத்துக்கு வாங்க வேண்டிய சக்கரக் கால்களின் படம்: ஒன்று குட்டை, ஒன்று நெட்டை.

"எதப் போடப் போறிய?" என்றேன்.

"நீளக் காலுதான். எறங்குக எடமெல்லாம் புல்லும் கல்லுமா கெடக்கும். குட்டைன்னா மூக்குல சுத்துக விசிறி கல்லுல தட்டிரும். நீளத்துக்குக் காத்து தடுத்து வேகம் கொறையும், அது போட்டும்." பிறகு மெல்லச் சொன்னார்: "அந்த விமானத்துலயே வீட்டுக்கு வரலாமேன்னு மவ கேக்கா."

"நம்ம வயல்ல எறங்குமா?"

"எறங்கும். விடத்தான் மாட்டாவ."

இப்போதும் அறுப்பு முடிந்தால் அந்த வயல்களில் வரப்பு குறுக்கிடாத நீளம் தேடுகிறேன். கொக்குகள் வந்து இறங்குகின்றன, நீளக் கால்களோடு, யாரையும் கேட்காமல்.