மைக்கை அணைத்துக்கொண்டு போன வண்டி

ஹமாசே நகரத்தில் தொகியேயை முகம் பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவர்கள் கொஞ்சம் பேர்தான். குரலைக் கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். தேர்தல் வந்துவிட்டால் ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் வெள்ளைக் கையுறை போட்டு உட்கார்ந்து, தெருத்தெருவாக வேட்பாளர் பெயரைச் சொல்லிக்கொண்டு போகிறவள் அவள். "ஓகிதா, ஓகிதா வருகிறார். மாடியிலிருந்து கையசைக்கும் அம்மாவுக்கு நன்றி. நாயோடு நடந்து போகும் ஐயாவுக்கு நன்றி." நாள் முழுக்கச் சொன்னாலும் அந்தக் குரலில் ஒரு கீறல் விழாது. தேர்தல் இல்லாத காலத்தில் சூப்பர் மார்க்கெட்டில் ஊறுகாய்ப் பகுதியில் வேலை. அங்கே நின்று "இன்னிக்கு முள்ளங்கி நல்லா ஊறியிருக்கு" என்று அவள் சொன்னால், "உனக்கே ஓட்டுப் போட்டுடறேன், ரெண்டு பொட்டலம் கட்டு" என்று கேலி பண்ணுவார்கள்.

வண்டியை ஓட்டுகிறவர் அவள் கணவர் இவாவோ. இருவரும் சந்தித்ததே அந்த வண்டியில்தான். ஓகிதா முதல்முறை நகரசபைக்கு நின்றபோது இவாவோ புது டிரைவர், அவள் புதுக் குரல். கண்ணாடி வழியாகப் பின்னாலும் பக்கவாட்டிலும் பார்த்து, "வலப்பக்கம் மூணாவது மாடி, கையாட்டறாங்க" என்று அவர் சொல்ல, அவள் அந்தப் பக்கம் நன்றியைத் திருப்புவாள். ஒருமுறை அவர் அவசரத்தில் காட்டியதை நம்பி, கொடியில் காற்றில் ஆடிக்கொண்டிருந்த சட்டைக்கு உருக்கமாக நன்றி சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டில் துணி காயப்போடும் போதெல்லாம் இவாவோ எட்டிப் பார்த்து, "ஐயாவுக்கு நன்றி சொல்லிட்டியா?" என்பார்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஓகிதாவை இருவரும் "தலைவர்" என்றுதான் சொல்வார்கள். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட, இவாவோ வேலையில்லாமல் நின்ற வருஷம், நாலு இடத்தில் தலை வணங்கி அவருக்கு லாரி வேலை வாங்கிக் கொடுத்தவர் ஓகிதா. இவாவோ அதை ஒருநாளும் மறக்கவில்லை. சோறு போட்ட கை என்பார்.

தொற்று வந்த இரண்டாவது வசந்தத்தில் ஓகிதா மேயர் பதவிக்கு நின்றார். "உயிர்களைக் காக்கும் நகரம்" என்று சுவரொட்டி. தேர்தல் அலுவலகத் திறப்பு விழா நடந்த அன்று மழை. நாலு பேருக்கு மேல் கூடிச் சாப்பிட வேண்டாம் என்று நகரசபையே அறிவித்திருந்த காலம் அது. ஆனால் அந்தச் சின்ன அறையில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு ஊர்ப்பெரியவர்கள் எல்லாரும் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். முஷ்டியை உயர்த்தி ஜெயிப்போம் என்று கத்தினார்கள். பிறகு முகக்கவசங்கள் தாடைக்கு இறங்கின, சாக்கே என்ற அரிசி மது வந்தது. வழக்கம்போல வாகிசாக்கா அக்கா சோற்றுருண்டை பிடித்துத் தட்டுத்தட்டாக நீட்டிக்கொண்டிருந்தாள். எழுபத்தைந்து வயது, புருஷன் இல்லாதவள். ஓகிதா எந்தத் தேர்தலில் நின்றாலும் அடுப்படி அவளுடையது.

பிரச்சாரம் தொடங்குவதற்கு முன்பே இவாவோவுக்குக் காய்ச்சல் கண்டது. பரிசோதனை செய்தார்கள். தொற்றுதான். ஆஸ்பத்திரியில் இடமில்லை, காலியானதும் கூப்பிடுகிறோம், வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டும் சின்னக் கருவி ஒன்று தபாலில் வந்தது. இவாவோ உள்ளறையில் படுத்துக்கொண்டார். தொகியே வெளியறையில். நடுவே இழுப்புக் கதவு.

அன்று மத்தியானம் தேர்தல் அலுவலகப் பொறுப்பாளர் குவாபாதா போன் செய்தார்.

"தொகியே, சுகாதார நிலையத்துலேர்ந்து கேப்பாங்க, எங்க போனீங்க, யாரைப் பார்த்தீங்கன்னு. திறப்பு விழாவைப் பத்தி ஒண்ணும் சொல்லிடாத."

"வேற என்னன்னு சொல்றது?"

"நடக்கப் போனார்னு சொல்லு. லாரி ஓட்டறவர், எங்கேயோ ஒட்டிக்கிச்சுன்னு சொல்லு. உயிரைக் காப்போம்னு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிட்டு, நம்ம ஆபீஸே தொத்துக் கூடம்னு வெளிய வந்தா என்ன ஆகும்? யோசிச்சுப் பாரு."

கதவுக்குப் பின்னாலிருந்து இவாவோ, "சரின்னு சொல்லு" என்றார். அவள் சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

சுகாதார நிலையத்திலிருந்து பேசியது ஒரு செவிலிப் பெண். குரல் கம்மிப்போயிருந்தது. ஒரே கேள்வியை எத்தனையோ வீடுகளில் கேட்டுத் தேய்ந்த குரல் என்று தொகியேவுக்குத் தெரிந்தது. தொண்டை அவளுக்குப் பழக்கமான விஷயம்.

"அம்மா, காய்ச்சலுக்கு முன்னாடி கூட்டமா இருக்கற இடத்துக்கு எங்கயாச்சும் போனாரா?"

நடக்கப் போனார் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அப்போது வாகிசாக்கா அக்காவின் ஈரக்கைதான் ஞாபகம் வந்தது. கையில் உப்பைத் தொட்டு, ஒவ்வொருவர் முகத்துக்குப் பக்கத்திலும் போய், "எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்று நீட்டிய கை. அவளுக்கு நெஞ்சுவலி வேறு உண்டு. தனியாக இருக்கிறவள். காய்ச்சல் வந்தாலும் யாரிடமும் சொல்லமாட்டாள்.

தொகியே எல்லாவற்றையும் சொன்னாள். விழா, அறை, சாத்திய ஜன்னல், வந்திருந்தவர்களில் தெரிந்த பெயர்கள். வாகிசாக்கா பெயரை முதலில் சொன்னாள்.

செவிலிப் பெண் ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். பிறகு, "சொன்னதுக்கு நன்றிம்மா. யாரும் சொல்றதில்ல" என்றாள்.

போனை வைத்ததும் உள்ளேயிருந்து கேட்டது.

"ஏன் சொன்னே?"

"வாகிசாக்கா அக்கா அங்க இருந்தாங்களே. அவங்க வயசுக்கு..."

"சரின்னு வாக்குக் குடுத்தே. என் முன்னாடிதான் குடுத்தே." இருமல் வந்து பேச்சை முறித்தது. அடங்கினதும், "தலைவர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? நான் ஓட்டின வண்டிலேயே ஏறி அவரைக் கவுத்துட்டியே" என்றார்.

"என்னங்க, ஒரு உயிர் இல்லையா?"



அதற்குப் பிறகு இவாவோ அவளிடம் பேசவில்லை. கஞ்சியைக் கதவோரம் வைத்துவிட்டு, "வெச்சிருக்கேன்" என்பாள். கதவு கொஞ்சம் நகரும், கிண்ணம் உள்ளே போகும். தண்ணீர் வேண்டுமென்றால் தரையைத் தட்டுவார். "மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டால் விரல் கருவியைக் கதவிடுக்கில் நீட்டி எண்ணைக் காட்டுவார். எண் இறங்கிக்கொண்டே வந்தது. கோபத்தில் பேசாமல் இருக்கிறாரா, பேச மூச்சு இல்லையா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கோபமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். கோபம் என்றால் உடம்பு தேறினதும் போய்விடும்.

இதற்குள் விஷயம் ஊரில் பரவியிருந்தது. எதிர்த்தரப்பு அதை மைக்கில் சொல்லிற்று. குவாபாதா மறுபடி கூப்பிட்டு, "உப்பிட்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டே, நல்லா இரு" என்று சொல்லிவிட்டு வைத்தார். அவளுக்கும் காய்ச்சல் வந்தது. ஆனால் நின்று நடமாட முடிந்தது. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தாள். பாதி நேரம் மணி அடித்துக்கொண்டே இருக்கும். எடுத்தால், "இடம் தேடிக்கிட்டிருக்கோம், மன்னிச்சுக்கோங்க" என்பார்கள்.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் பகலில் தரை தட்டும் சத்தம் நின்றுவிட்டது. தொகியே கதவை இழுத்துத் திறந்தாள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண் அவளைப் பார்த்தது. "என்னங்க, ஒரு வார்த்தை பேசுங்க" என்றாள். வாய் அசைந்தது, ஒலி வரவில்லை.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. அவரை ஏற்றி முகத்தில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஆனால் வண்டி கிளம்பவில்லை. உள்ளே ஒருவர் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போன் செய்துகொண்டிருந்தார். "அறுபத்திரண்டு வயது, ஆண்" என்று தொடங்கி, கடைசியில் "அப்படியா, சரி" என்று முடியும். மறுபடி "அறுபத்திரண்டு வயது, ஆண்". தொற்று அவளுக்கும் இருந்ததால் கிட்டே வர வேண்டாம் என்றார்கள். வீட்டு வாசலில் செருப்புகூடப் போடாமல் நின்றாள். எதிர்வீட்டுத் திரை விலகி மூடிக்கொண்டது.

அப்போதுதான் தெருமுனையில் அந்தக் குரல் கேட்டது. "ஓகிதா, ஓகிதா வருகிறார். கடைசி வேண்டுகோள். உயிர்களைக் காக்கும் நகரம்..." இளம் பெண் குரல். அவளுக்குப் பதிலாகப் பிடித்திருந்தார்கள். அவர்களுடைய வண்டிதான். முன்சக்கரத்துக்கு மேலே இவாவோ ஒருமுறை மதிலில் உரசிய கோடுகூட அப்படியே இருந்தது.

ஆம்புலன்ஸைப் பார்த்தால் மைக்கை அணைக்க வேண்டும் என்பது வண்டியில் ஏறுகிற எல்லாருக்கும் சொல்லித்தரும் முதல் மரியாதை. அந்தப் பெண்ணும் பாதிப் பெயரில் நிறுத்திக்கொண்டாள். வண்டி மெல்ல, சத்தமில்லாமல் ஆம்புலன்ஸின் பக்கத்தில் ஊர்ந்தது. முன்சீட்டில் ஓகிதா இருந்தார். வீட்டைப் பார்த்தார், வாசலில் நின்ற தொகியேயைப் பார்த்தார். கையசைக்கத் தூக்கியிருந்த வெள்ளைக் கையுறை அப்படியே இறங்கிற்று. அவர் தலையைக் குனிந்துகொண்டார். வண்டி நிற்கவில்லை. முனை திரும்பியதும் மைக் மறுபடி உயிர்பெற்று, ஓகிதா ஓகிதா என்று அடுத்த தெருவுக்குள் போயிற்று.

இவாவோ அந்த ஆம்புலன்ஸுக்குள்ளேயே, வீட்டு வாசலிலேயே இறந்துபோனார்.

அவரை மூடிய பையில் எடுத்துப்போனார்கள். சுடுகாட்டுக்கு அவள் போகக்கூடாது. எரிந்த பிறகு உறவினர்கள் நின்று குச்சியால் எலும்பு பொறுக்கிக் குடத்தில் இட வேண்டும், காலிலிருந்து தொடங்கித் தலைவரை. அதை யாரோ செய்தார்கள். உடல் முழுக்க வெள்ளை உடுப்பு மாட்டிய ஆள் ஒருவர் துணி சுற்றிய பெட்டியை வாசற்படியில் வைத்துவிட்டு, தள்ளிப்போய் நின்று வணங்கினார். அவள் உள்ளே இருந்து வணங்கினாள். அவர் போன பிறகு பெட்டியை எடுத்தாள். இன்னும் இளஞ்சூடாக இருந்தது போலத் தோன்றியது. வாக்குப்பதிவு எப்போது நடந்தது, எப்போது முடிந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஓகிதா கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார்.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் கழிந்து, மேயர் ஓகிதா தனியாக வந்தார். கூட ஆள் இல்லை, புகைப்படக்காரர் இல்லை. இவாவோ படத்தின் முன் ஊதுவத்தி ஏற்றிவிட்டு வெகுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது முகம் நனைந்திருந்தது.

"அன்னிக்கு நான் இறங்கியிருக்கணும்மா" என்றார்.

தொகியே தேநீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. இவாவோ அண்ணன் எனக்குப் போன் பண்ணினார். நீங்க சுகாதார நிலையத்துல சொன்ன அன்னிக்கு ராத்திரி, நீங்க தூங்கிட்டீங்கன்னார். உங்களுக்காக மன்னிப்புக் கேட்டார். அடுத்த தேர்தலுக்கும் அவளையே மைக்ல உக்கார வெய்யுங்க, அவளை விட்டுடாதீங்கன்னார்."

"பேசினாரா?" என்று கேட்டாள் தொகியே.

"ஆமாம்மா."

"நல்லாப் பேச முடிஞ்சுதா அவருக்கு?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று ஓகிதாவுக்குப் புரியவில்லை. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இருமினார். ஆனா தெளிவாத்தான் பேசினார். கொஞ்ச நேரம் பழைய கதையெல்லாம்கூடப் பேசினோம்" என்றார்.

தன்னோடு பேசாதவருக்குப் பேச மூச்சு இருந்திருக்கிறது. அவள் தலையாட்டினாள். "அடுத்த தேர்தலுக்கு வேற ஆளைப் பாத்துக்கோங்க தலைவரே" என்று மட்டும் சொன்னாள். வாசல்வரை வந்து வழியனுப்பினாள். பிறகு சமையலறையில் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கோடை முடிகிற சமயம் வாகிசாக்கா அக்கா வந்தாள். மெலிந்து, தடியூன்றி, இரண்டு தெருவுக்கு ஒருமுறை நின்று நின்று வந்திருந்தாள். சுகாதார நிலையத்தார் அவள் வீட்டுக் கதவைத் தட்டியபோது அவளுக்குக் காய்ச்சலே இல்லை. பரிசோதித்ததில் தெரிந்திருக்கிறது. வயதையும் நெஞ்சுவலியையும் பார்த்து, அபூர்வமாகக் காலியான ஒரு கட்டிலை அவளுக்குக் கொடுத்தார்கள். வாரக்கணக்கில் ஆக்ஸிஜன் வைத்துப் பிழைத்து வந்திருக்கிறாள்.

கூடத்தில் உட்கார்ந்து துணிமூட்டையை அவிழ்த்தாள். சோற்றுருண்டை. படத்தின் முன் ஒன்றை வைத்தாள்.

"உப்புக் கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்கேன். வண்டி ஓட்டறவனுக்கு வேர்வை போகுதுன்னு கேப்பான்ல."

தொகியே அதைக் கேட்டதும் உடைந்து போனாள். இத்தனை மாதமாக யாரிடமும் கேட்காததை அவளிடம் கேட்டாள்.

"அக்கா, நான் அன்னிக்குச் சொல்லாம இருந்திருந்தா, அவர் கடைசியா எங்கூடப் பேசியிருப்பாரா?"

வாகிசாக்கா பொய் சொல்லலாமா என்று பார்ப்பது போல அவள் முகத்தைப் பார்த்தாள்.

"பேசியிருப்பான். அவன் உங்கூடப் பேசாம இருக்க மாட்டான்" என்றாள். பிறகு, "நான் செத்திருப்பேன்" என்றாள்.

வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். வாகிசாக்கா ஒரு உருண்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். "சாப்பிடு" என்றாள். தொகியே ஒரு வாய் கடித்தாள். விழுங்க முடியவில்லை. அவள் விழுங்கும்வரை கிழவி அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.