தலைவி எழுதிய பரீட்சை

எங்கள் தெருமுனை மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் தலைவி வாயைத் திறந்தால் மூடுவதற்குத் தனியாக ஆள் வைக்க வேண்டும். ஒருமுறை வங்கி வாசலில் சாய்வுப் பாதை கேட்டு மேலாளரிடம் பேசப் போனார். காலையில் தொடங்கிய பேச்சு. சாயங்காலம் மேலாளரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சிமெண்ட் குழைத்தார். பாதை இன்னும் இருக்கிறது, சந்தேகம் இருந்தால் போய்ப் பார்க்கலாம். மேலாளர்தான் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சங்கத்தை அவர் ஆரம்பித்ததே தம்பிக்காகத்தான். தம்பி எதையும் நிதானமாகப் புரிந்துகொள்வார், புரிந்துகொண்டதை விடமாட்டார். மூன்று பள்ளிக்கூடங்கள் அவரைப் பார்த்துக் கையை விரித்தன. நாலாவதைத் தேடுவதற்குப் பதில் அக்கா சங்கம் வைத்தார். இப்போது தம்பிக்கு வயது நாற்பத்தாறு. பேக்கரியில் கேக் பெட்டி மடிக்கிறார்.

வீட்டாரை விட்டுத் தனியாக வாழ விரும்புகிறவர்களுக்காக, சங்கம் நான்கு சின்ன அறைகளை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறது. குடிபோவதற்கு ஒரு பரீட்சை உண்டு. பால் காய்ச்சி அடுப்பை அணைக்க வேண்டும். கதவைப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போய், சோப்போடும் சாவியோடும் திரும்ப வேண்டும். வினாத்தாள் தலைவியுடையது. இத்தனை வருஷத்தில் முப்பத்தொரு பேர் தேறி, ஒருவர் பின் ஒருவராகக் குடியிருந்துவிட்டார்கள். அழுத அம்மாக்களிடம் எல்லாம் தலைவி ஒன்றையே கேட்டார்: "எத்தனை நாளைக்கு இடுப்புலயே வச்சுக்கிட்டு நடப்பீங்க?"

முப்பத்திரண்டாவது விண்ணப்பம் தம்பி கொடுத்தது.

தலைவி அதை மேஜை விரிப்புக்கு அடியில் வைத்தார். செயலாளர் எடுத்து விரிப்புக்கு மேலே வைத்தார். சக்கர நாற்காலியில் வலம் வரும் பழைய ரேடியோ மெக்கானிக் அவர். ஒளித்த எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

பரீட்சை நடந்தது. பால் வழியவில்லை. சோப்பு வந்தது, சாவியும் வந்தது.

"பூட்டை இழுத்துப் பார்த்தானா?" என்றார் தலைவி.

"ரெண்டு தடவை."

"மூணு தடவை பார்க்கணும்."

"அது பரீட்சையில இல்லையேக்கா."

"இனிமே இருக்கு."

அடுத்த வாரம் தம்பி மூன்று தடவை இழுத்தார். அதற்கடுத்த வாரம் பல்பு மாற்றுவது சேர்ந்தது, பிறகு குழாய் ஒழுகினால் அடைப்பது. ஐந்தாம் வாரம் வாய்மொழித் தேர்வு.

"எலி வந்தா என்னடா பண்ணுவ?"

"பக்கத்து அறைக்காரர்கிட்ட சொல்வேன்."

"அவர் இல்லேன்னா?"

தம்பி நிதானமாக யோசித்தார். "நானும் எலியும் இருப்போம்."

செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "அக்கா, இந்தப் பரீட்சையில இனிமே ஒருத்தரும் தேற முடியாது."

"ஏன், நான் தேறுவேன்."

"அப்ப செஞ்சு காட்டுங்க."

தலைவி முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தார். பாலை ஏற்றினார். தீயை எந்த அளவில் வைக்க வேண்டும் என்று தம்பி பக்கம் திரும்பி விளக்க ஆரம்பித்தார். விளக்கம் பாத்திரத்தின் அடிக்கனத்துக்குப் போய், அங்கிருந்து பால்காரரின் குணத்துக்குப் போனது. பால் பொங்கியது, வழிந்தது, அடுப்பை அணைத்தது. கேஸ் நாற்றம் கிளம்பியது. பேச்சு பால்காரரின் மாமியாரிடம் வந்து சேர்ந்தபோது தம்பி எழுந்தார். குமிழைத் திருகி மூடினார், ஜன்னலைத் திறந்தார், வந்து உட்கார்ந்தார்.

செயலாளர் தாளில் 'தேறவில்லை' என்று எழுதினார்.

"நான் பேசிக்கிட்டிருந்தேன்ல!"

"தனியா இருக்கிறப்ப யார்கிட்டக்கா பேசுவீங்க?"

தலைவி வழிந்த பாலைத் துடைக்க ஆரம்பித்தார். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அந்த அறையில் அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை. சுவர்க் கடிகாரத்துக்கு இவ்வளவு சத்தம் உண்டு என்பதே அன்றுதான் தெரிந்ததாம்.

தம்பிதான் முதலில் பேசினார். "விடுக்கா. உனக்கு அடுத்த வாரம் இன்னொரு தடவை வைக்கச் சொல்லலாம்."

தலைவி விண்ணப்பத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை தம்பி குடிபோனார். புதன்கிழமை வரைக்கும் தாக்குப்பிடித்துவிட்டு அக்கா ஃபோன் செய்தார்.

"வரட்டுமாடா?"

"இன்னிக்குத் துணி துவைக்கிறேன். ஞாயித்துக்கிழமை வா."

"எத்தனை மணிக்கு?"

"நாலு."

"மூணரைக்கு வரேனே?"

"நாலு."

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணியிலிருந்து எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றிருந்துவிட்டு, சரியாக நாலுக்குத் தலைவி கதவைத் தட்டினார்.